பன்றிக்குச் சபை என்று பெயர்

ரெந்தினி தன் நாயிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. பேச்சு தனக்கானது இல்லை என்று அதற்கும் தெரியும்.

“ஏய் பெலாங், அந்தப் படகுப் பக்கம் போகாத. பொட்டாஸ் நாத்தம் அடிக்கும். அப்புறம் நீயும் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடப்ப.”

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர் குனிந்தபடியே சிரித்தார்கள். காடெக் சுவேலா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு ஆள் தூக்க வேண்டிய படகை ஒற்றை ஆளாக மணலில் இழுத்துக்கொண்டிருந்தான். முதுகு விட்டுப்போகிற மாதிரி இருந்தது. ஒரு கை கொடுக்க அந்தக் கரையில் ஒருவனும் வரமாட்டான். படகில் உட்கார்ந்து, முங்குகிறவனுக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடையாது என்பதால், குழாய் வைத்து நிதானமாக மீன் பிடித்தவன் இப்போது மூச்சை அடக்கி முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தான். அப்படிப் பிடித்ததைப் பக்கத்து ஊர்வரை வாளியில் சுமந்துபோய் விற்கவேண்டும். உள்ளூரில் அழகுமீன் வாங்குகிற ஒரே ஆள் ரெந்தினி. அவள்தான் இவனை இந்தக் கதிக்கு ஆளாக்கினவள்.

வீட்டுக்குப் போனதும் காடெக் வாளியை வைத்துவிட்டு நேராகப் பன்றிக்கொட்டிலுக்குப் போனான். கொட்டிலுக்கும் ரெந்தினியின் மீன்தொட்டிக் கூடத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். பன்றிக்கு அவன் ‘சபை’ என்று பெயர் வைத்திருந்தான். ஊர்ச்சபை அவனை விலக்கி வைத்த மறுநாள் வைத்த பெயர்.

“சபையே!” என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினான். “தின்னு, நல்லாத் தின்னு. தின்னுறத விட்டா ஒனக்கு வேற என்ன தெரியும்? யாரு என்ன சொன்னாலும் மண்டைய ஆட்டுவ. மூள இல்லாட்டியும் நாலு தொட்டி வச்சு மீன் யாவாரம் பண்ணலாம், நீ ஏன் இங்க கெடக்க?”

மதிலுக்கு அப்பால் ஒரு சட்டி ணங்கென்று வைக்கப்பட்டது. அவளுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது என்று சொன்ன அந்தச் சத்தம்தான் காடெக்குக்கு அன்றைய சோறு.

விலக்கப்பட்டவனிடம் யாரும் பேசக்கூடாது. அவனுக்கு உப்புக்கூட விற்கக்கூடாது. அவன் சொல்வது காதில் விழுந்தாலும் விழாதது போல இருக்க வேண்டும். மீறிப் பேசினால் பேசினவனுக்கும் அதே விலக்கு. நாயிடமும் பன்றியிடமும் பேசக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. ஆகவே ரெந்தினியும் காடெக்கும் பிராணிகள் வழியாகத்தான் சண்டை போட்டார்கள். பாலித் தீவின் வடகரையில் அத்தனை நன்றாகத் திட்டு வாங்கத் தெரிந்த நாயும் பன்றியும் வேறெங்கும் இருந்திருக்காது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே காடெக்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அப்பன்மார் காலத்தில் ஊரே பொட்டாஸ் அடித்தது. சயனைடு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் அடைத்துக்கொண்டு முங்குவார்கள். பவளப் பொந்துக்குள் ஒரு பீய்ச்சல், அவ்வளவுதான். வண்ணமீன்கள் மயங்கிக் கையில் வந்து விழும். பவளம் வெளுத்துச் செத்துப்போகும். காடெக்கின் அப்பன் அதில் பேர்போன ஆள். பாறை முழுக்கச் சுண்ணாம்பாகி, மீனே இல்லாமல் போனபிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. இரும்புச் சட்டங்களைக் கடலில் இறக்கி உயிருள்ள பவளக் கிளைகளை அவற்றில் கட்டினார்கள். வலை மட்டும்தான் என்று விதி வைத்தார்கள். ஜோடியாக இருக்கிற மீனைத் தொடக்கூடாது, ஒண்டியைத்தான் எடுக்கலாம். குஞ்சை விட்டுவிட வேண்டும். கிழக்குப் பாறையில் முட்டை வைக்கிற காலத்தில் யாரும் இறங்கக்கூடாது. மீன் திரும்பி வந்தது.

அந்த விதிகளை வைத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து கத்தினவன் காடெக். அப்பன் பேரைக் கழுவ வேண்டும் என்ற வெறி அவனுக்கு. “பொட்டாஸ் அடிக்கிறவன்கிட்ட ஒருத்தனும் பேசக் கூடாது! அவன் செத்தாப் பாடை தூக்கக் கூடாது! பேசுறவனுக்கும் அதே கதி!” என்றான். ஊர் கை தட்டியது. அந்தச் சட்டத்தில் முதல் ஆள் மாட்டச் சில வருடங்கள் ஆயின. மாட்டினது அவனேதான். தான் வெட்டிய குழி.

போன தும்பெக் கண்டாங் அன்று நடந்தது அது. பசு, பன்றி, கோழி எல்லாவற்றுக்கும் பூசை போட்டுத் தீர்த்தம் தெளிக்கிற நாள். மீனால் பிழைக்கிற ஊர் என்பதால் எங்கள் ஊரில் மீன்தொட்டிக்கும் தெளிப்பார்கள். மற்றவர்கள் பிடித்த மீன் முந்தின நாளே லாரியில் போய்விட்டது. ரெந்தினியின் தொட்டியில் இருந்தது காடெக் காலையில் கொண்டுவந்த மீன் மட்டும். பொழுது சாய்வதற்குள் அத்தனையும் வயிறு தெரிய மிதந்தன. ரெந்தினி ஒரு தேவதை மீனின் செவுளை விரித்து ஊர்த்தலைவர் சுகர்த்தாவிடம் காட்டினாள். “ரத்தமாச் செவந்திருக்கு பாருங்க. பொட்டாஸ்! புலிக்குப் பொறந்தது பூனையாகுமா?” என்றாள். அந்த ஒரு பழமொழி போதுமானதாக இருந்தது. அன்று காடெக்கின் மனைவி விராஸ்னி பிரசவ வலியில் கிடந்தாள். பெண்குழந்தை பிறந்தது. பார்க்க ஒருவரும் வரவில்லை.

எங்கள் கணக்கில் ஏழு மாதத்தில் ஒரு சுற்று முடிந்து அதே நாள் திரும்பி வரும். குழந்தைக்கு முதல் சுற்று முடிகிற அன்று சடங்கு. அதுவரை அதன் கால் மண்ணில் படக்கூடாது, இடுப்பிலேயே சுமக்க வேண்டும். கோயில் பூசாரி வந்து, ஊர் பார்க்க, பாதத்தை மண்ணில் வைத்தால்தான் அது மனுஷப் பிள்ளை. விலக்கப்பட்டவன் வீட்டுக்குப் பூசாரி வரமாட்டார்.

குழந்தை அயுனி பிறந்தது தும்பெக் கண்டாங்கில். அடுத்த தும்பெக் கண்டாங் நாளைக்கு.

“எங்கப்பா காலையில பூ கொண்டாறாரு,” என்றாள் விராஸ்னி. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “அவரு வண்டியிலயே நானும் மலைக்குப் போறேன். எங்க ஊர்ல பூசாரி இருக்காரு.”

“போனா?”

“போனாப் போனதுதான். எம்பொண்ணு எங்க கால் வைக்குதோ அதுதான் அதுக்கு ஊரு. இங்க ஒம் பன்னி கூடப் பேசிக்கிட்டு நீ இரு.”

“நான் பொட்டாஸ் அடிக்கல விராஸ்னி.”

“எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?”

இந்த ஊரை அவன் வெறுத்தான். ஒவ்வொரு முகமாக நினைத்து நினைத்து வெறுத்தான். இருந்தாலும் மகளின் கால் இந்த மண்ணில்தான் பட வேண்டும் என்றும் விரும்பினான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

விடிந்ததும் மாமனார் துருஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மலையில் செண்டுமல்லித் தோட்டம் வைத்திருக்கிற மனிதர். வண்டியின் இரண்டு பக்கமும் கூடை. வெளியூர்க்காரர் என்பதால் அவர் யாரோடும் பேசலாம், யாருக்கும் விற்கலாம். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினார். அது பெரிய கூடையில் கைவிட்டு மஞ்சளாக ஒரு பூவைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனது.

கிழவர் அதன் கையில் பட்டென்று அடித்தார். குழந்தை வீறிட்டது.

“அறிவிருக்காடி ஒனக்கு? வாயில வைக்க விடுறியே! நேத்துதான் மருந்தடிச்சேன். புழு விழுந்து போச்சுன்னு ரெட்டை மடங்கா அடிச்சிருக்கு. நம்ம வீட்டுக்கு இந்தா, இந்தச் சின்னக் கூடை. இது மருந்து படாதது.”

“அப்ப அந்தப் பெரிய கூடை யாருக்கு?” என்றான் காடெக்.

“ஒங்க ஊரு மீன்காரிக்குத்தான். முன்னெல்லாம் வீட்டுல பூத்ததக் கிள்ளித் தெளிச்சுக்குவா. கையில நாலு காசு சேர்ந்துருச்சு பாரு, போன தும்பெக்குல இருந்து எங்கிட்டத்தான் வாங்குறா. பெரிய பூவாத்தான் வேணுமாம்.”

காடெக் அப்படியே நின்றான்.

ரெந்தினி தீர்த்தம் தெளிக்கிற விதம் அவனுக்குத் தெரியும். சட்டியில் தண்ணீர் நிரப்பிப் பூவிதழைக் கொட்டி ஊறவைப்பாள். ஒரு பூவை அதில் முக்கி ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று முறை உதறுவாள். கடைசியில் மிச்சத்தை இதழோடு பெரிய தொட்டியில் கவிழ்ப்பாள், ஏதோ எல்லாப் புண்ணியமும் தன் மீனுக்கே சேர வேண்டும் என்பது போல. அங்கே எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வரும்.

“நேரமாச்சு, குடுத்துட்டு வந்துடுறேன்,” என்று கூடையோடு கிளம்பினார் மாமனார்.

அப்போதே அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். காடெக் பிடிக்கவில்லை. ஏழு மாதமாகத் தன் கழுத்தில் கிடந்தது ஒரு சட்டிப் பூத்தண்ணியா என்று அவனுக்கு மூளை கொதித்தது. அந்தக் கொதிப்பு அடங்கி நிமிர்ந்தபோது மாமனார் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, சந்தில் நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மணி கிணுகிணுத்தது.

காடெக் ஓடினான்.

தொட்டிக் கூடத்தில் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். மூன்று வாரமாக எல்லாரும் பிடித்த மீன் தொட்டிகளில் நிறைந்திருந்தது. நாளைக்கு லாரி. கோமாளி மீன்கள், பட்டாம்பூச்சி மீன்கள், ஒரு தொட்டியில் ஒண்டியாக நீலக்கோடு போட்ட தேவதை மீன். ஒவ்வொன்றும் ஒருவன் மூச்சைப் பிடித்து, பவளம் ஒடியாமல், வலையைச் சுருக்கிச் சுருக்கிப் பிடித்தது. ரெந்தினி மஞ்சள் பட்டுச்சட்டை போட்டு, பூச்சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். பக்கத்தில் சுகர்த்தா.

“அக்கா, அந்தப் பூவுல மருந்து அடிச்சிருக்கு,” என்றான் காடெக் வாசலில் நின்று. “தொட்டியில தெளிக்காதீங்க. மீனு அத்தனையும் செத்துரும். போன தடவையும் அதான் நடந்துச்சு.”

கூடம் அடங்கிப்போயிற்று. எல்லோருக்கும் கேட்டது. யாருக்கும் கேட்கக்கூடாது. சுகர்த்தா கூரையை அண்ணாந்து பார்த்தார், அங்கே ஏதோ ஒழுகுவது போல.

ரெந்தினி குனிந்து நாயைப் பார்த்தாள். “பெலாங், தீர்த்தம் தெளிக்கிற நேரத்துல என்னமோ கொலைக்குதே. நீ கொலைக்கலயே? நீ நல்ல பிள்ள. திருட்டு நாயிங்கதான் நல்ல நேரம் பாத்துக் கொலைக்கும்.”

சிரித்தார்கள். எல்லாரும்தான். காடெக்கோடு ஒரே படகில் வளர்ந்தவனும் சிரித்தான்.

சந்தில் மாமனார் நின்றார். ‘மாமா, இங்க வாங்க’ என்று ஒரு குரல் போதும். வெளியூர்க்காரர் சொன்னால் கேட்டே ஆகவேண்டும். காடெக்குக்கு அது தோன்றாமல் இல்லை. நன்றாகவே தோன்றியது. வாயைத் திறக்கவும் செய்தான். பிறகு மூடிக்கொண்டான்.

தெளிடி, என்று நினைத்தான். நல்லாத் தெளி. இன்னைக்கு இதுல ஒரு மீன்கூட என்னுது இல்ல.

ரெந்தினி பூவை முக்கி உதறினாள். ஒவ்வொரு தொட்டியாகப் போனாள். கடைசியில் சட்டியைப் பெரிய தொட்டியில் கவிழ்த்தாள். இதழ்கள் மஞ்சளாகப் பரவின. நீலக்கோட்டுத் தேவதை மீன் மேலே வந்து ஒரு இதழை முகர்ந்துவிட்டுப் போனது. காடெக் அந்த மீனையே பார்த்தபடி நின்றான். அது அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் அலறல் கேட்டது. மதிலுக்கு அப்பால் வாளி உருண்டது, யாரோ யாரையோ திட்டினார்கள், பெண்கள் அழுதார்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த விராஸ்னி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் பன்றிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். திருநாளுக்காக அதன் தலையில் அவனே முடைந்த ஓலைக் குல்லாய் இருந்தது.

சுகர்த்தா ஆள் அனுப்பி மாமனாரைக் கூப்பிட்டார். கிழவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க அவருக்கு என்ன இருக்கிறது? “தலையில வைக்க, சாமிக்குப் போட வளத்த பூவுங்க. மீனுக்கு ஊட்டச் சொல்லியா குடுத்தேன்?” என்றார். சுகர்த்தா ஒரு வாளியில் நல்ல கடல்நீர் எடுத்து, பிழைத்துக் கிடந்த கடைசிக் கோமாளி மீனை விட்டார். அது தெளிந்து நீந்தியது. இரண்டு இதழைக் கிள்ளிப் போட்டார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அது மல்லாந்து மிதந்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊரைக் கூட்டுகிற மரமுரசு ஒலித்தது. சபை அங்கேயே நின்றபடி கூடிக் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் காடெக்கின் வாசலில் ஊர் நின்றது. முன்னால் சுகர்த்தா, அவர் பின்னால் வெள்ளை உடுத்திய பூசாரி.

“காடெக்,” என்றார் சுகர்த்தா. ஏழு மாதத்தில் ஊர்க்காரன் வாயிலிருந்து அவன் பெயர் வருவது அதுவே முதல். “சபை தப்புப் பண்ணிருச்சு தம்பி. விலக்கு இந்த நிமிஷத்தோட இல்ல. கொழந்தைக்குச் சடங்க நடத்தலாமா?”

விராஸ்னி அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டின பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் பாயை எடுத்து விரித்தாள். பெண்கள் உள்ளே புகுந்தார்கள். யாரோ அடுப்பை ஊதினார்கள், யாரோ தேங்காய் துருவினார்கள். அத்தனை நாள் வராததற்கும் சேர்த்து எல்லாரும் பேசினார்கள். வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டுக் குழந்தை மிரண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தது. காடெக் முற்றத்தில் நின்றான். ஆளுக்கு ஆள் வந்து தோளைத் தட்டினார்கள். அவனுக்கு மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பூசாரி மந்திரம் சொல்லிக் குழந்தையைத் தூக்கினார். அப்போதுதான் ரெந்தினி வந்தாள். பட்டுச்சட்டை நனைந்து, கையெல்லாம் மீன் நாற்றம். பின்னால் நாய்.

“காடெக், நான் சொன்னது தப்பு,” என்றாள். அழவில்லை. குரல் கல்லாக இருந்தது. “ஊர் முன்னால சொல்றேன். நீ பொட்டாஸ் அடிக்கல. எங் கையால மீனக் கொன்னுட்டு ஒம் மேல பழி போட்டேன். என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்கிறேன்.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“இப்ப நீ சொல்லு,” என்றாள் ரெந்தினி. “நான் கேக்க மாட்டேன்னு ஒனக்குத் தெரியும். சட்டம் போட்டவனே நீதான. ஒம் மாமனாரு சந்துலதான நின்னு சுருட்டுக் குடிச்சாரு? அவர ஏன் கூப்பிடல? நான் நாலு தொட்டி சுத்தி வர்ற வரைக்கும் வாசல்லயே நின்ன. ஒம் மீனா இருந்தா ஒரு தடவ சொல்லிட்டு நின்னுருப்பியா?”

சுகர்த்தா, “இப்ப எதுக்கு ரெந்தினி அதெல்லாம்?” என்றார். அவள் அசையவில்லை.

காடெக் சுற்றிலும் பார்த்தான். எல்லா முகமும் அவனை நோக்கி இருந்தது. எத்தனை நாள் இதற்காக ஏங்கியிருப்பான்! பழக்கத்தில் தலை கொட்டில் பக்கம் திரும்பியது. பன்றி குல்லாயைத் தள்ளிவிட்டுத் தின்றுகொண்டிருந்தது. அதனிடம் எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் திரும்பி ரெந்தினியின் முகத்தைப் பார்த்தான்.

“கூப்பிடல,” என்றான். “சாகட்டும்னுதான் நின்னேன்.”

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அவனோடு ஒரே படகில் வளர்ந்தவன் அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். மூன்று வாரம் முங்கி எழுந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்தினார்கள். பூசாரி மட்டும் தன் வேலையைப் பார்த்தார். குழந்தையின் பாதத்தைக் கழுவி, மெல்ல இறக்கி, மண்ணில் வைத்தார். விரல்கள் மண்ணைப் பற்றிச் சுருங்கின. வழக்கமாக அந்த நேரத்தில் ஊர் குலவையிட்டு ஆர்ப்பரிக்கும். விராஸ்னியின் குரல் மட்டும் எழுந்து பாதியில் நின்றது.

ரெந்தினி வாசலைத் தாண்டினாள்.

“பெலாங், வா,” என்றாள். “வீட்டுக்குப் போவோம்.”

இந்தத் தடவை அவள் நாயிடம்தான் பேசினாள்.